பாக் விரிகுடாவின் கடலட்டைகள்: இனமும் இருப்பிடமும்

சிவகங்கை மாவட்டத்திற்குக் கடற்கரை இல்லை. 1985ஆம் ஆண்டு பழைய இராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது கரையூர்கள் அனைத்தும் கிழக்கே நின்றுவிட்டன. ஆயினும் காரைக்குடியிலிருந்து தேவகோட்டை வழியாகக் கிழக்கு நோக்கிப் பயணம் செய்வோர் தொண்டியில் பாக் விரிகுடாவை எதிர்கொள்வர். செட்டிநாட்டுக்கு மிக அண்மையிலுள்ள கடல் அதுவே. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம் தனது கடலியல் துறையைத் தொண்டியில் நிறுவியிருப்பதும் இவ்வண்மையின் பயனே. அக்கடலின் அடித்தரையில் ஓசையின்றி ஊர்ந்து வாழும் ஓர் உயிரினத்தைப் பற்றியே இக்கட்டுரையில் நாம் காணவிருக்கிறோம். சட்டப் புத்தகத்தில் புலிக்கும் யானைக்கும் நிகரான இடத்தை அது பெற்றது. எனினும் கரையூர்களுக்கு வெளியே அதன் இயல்பை அறிந்தோர் மிகச் சிலரே.

பெயரும் இனமும்

நம் மீனவர் இதனைக் கடலட்டை என்பர். நீண்டு சுருங்கும் மென்மையான உடல் அட்டையை நினைவூட்டுவதால் இப்பெயர் அமைந்திருக்க வேண்டும். உண்மையில் குருதி உறிஞ்சும் அட்டைக்கும் இதற்கும் உறவு ஏதுமில்லை. ஆங்கிலத்தைப் போன்றே அரபு மொழியும் இதனைக் கடல்வெள்ளரி என்னும் பொருளில் 'கியாருல் பஹ்ர்' என்கிறது. சீனரோ ஜின்செங் என்னும் மருந்து வேரோடு ஒப்பிட்டு, கடலின் ஜின்செங் என்னும் பொருள்படப் பெயரிட்டனர். தமிழன் வடிவத்தைக் கண்டான். சீனன் பயனைக் கண்டான் எனலாம்.

உயிரியலார் வகைப்பாட்டில் இது முட்தோலிகள் என்னும் தொகுதியைச் சார்ந்தது. நட்சத்திர மீனும் கடல் முள்ளெலியும் இதன் நெருங்கிய உறவினங்கள். அவற்றின் உடலைக் காக்கும் சுண்ணாம்பு ஓடு கடலட்டையில் நுண்ணிய துகள்களாகச் சிதறித் தோலுக்குள் புதைந்துள்ளது. மேசை போலவும் பொத்தான் போலவும் கோல் போலவும் தோன்றும் இத்துகள்களை உருப்பெருக்கியில் நோக்கியே ஓரினத்தை மற்றோர் இனத்திலிருந்து பிரித்தறிய வேண்டியுள்ளது. புறத்தோற்றத்தை மட்டும் நம்பினால் பிழை நேரும். ஏனெனில் நிறமும் நீளமும் இடத்திற்கு இடம் வேறுபடும். மாதிரிகளை ஃபார்மலினில் இட்டு வைத்தாலோ அதன் அமிலத்தன்மையால் இத்துகள்கள் கரைந்துவிடும். ஆதலால் அவற்றைச் சாராயத்தில் பாதுகாப்பதே முறை.

உடலமைப்பின் விந்தைகள்

கடலட்டைக்கு மூளை இல்லை, கண்ணும் இல்லை. வாயைச் சுற்றியுள்ள உணர்கொம்புகளால் மணலையும் சேற்றையும் அள்ளி விழுங்கி, அவற்றில் ஒட்டியுள்ள உயிர்ச்சத்தைச் செரித்து, எஞ்சிய மணலைத் தூய்மையாக வெளியேற்றுகிறது. மூச்சு விடுவதோ பின்புறத் துளையின் வழியே. அத்துளையால் நீரை உள்ளிழுத்து, மரக்கிளை போல் பரவிய உறுப்பினுள் செலுத்தி உயிர்வளியைப் பெறுகிறது. உடற்சுவரை விரும்பியபோது இறுக்கவும் இளக்கவும் இதனால் இயலும். பகை நெருங்கினால் சில இனங்கள் குடலையே வெளியே உமிழ்ந்துவிட்டுத் தப்பிப் பின்னர் அதனை மீண்டும் வளர்த்துக்கொள்கின்றன. வேறு சில இனங்கள் ஒட்டும் தன்மையுள்ள வெண்ணிற இழைகளைப் பீய்ச்சுகின்றன. நம் கரையில் நூல் அட்டை என வழங்கும் இனம் இப்பண்பினாலேயே அப்பெயர் பெற்றது.

எங்கெங்கு, எத்தனை?

உலகக் கடல்களில் ஏறத்தாழ 1,700 கடலட்டை இனங்கள் அறியப்பட்டுள்ளன. துருவக் கடல் முதல் ஆழ்கடற் பள்ளம் வரை இவை பரவியிருப்பினும், கரைக்கடல் இனங்கள் மிகுதியாகச் செறிந்திருப்பது இந்தியப் பெருங்கடலும் மேற்குப் பசிபிக்கும் சேர்ந்த வெப்பமண்டலப் பகுதியிலேயே. இந்தியக் கடல்களில் ஏறத்தாழ 200 இனங்கள் பதிவாகியுள்ளன. வணிக மதிப்புடையவை அவற்றுள் ஒரு சிறு பகுதியே.

இவற்றின் பரவல் சீரானதன்று. முட்தோலிகள் உப்புத்தன்மை குறைந்த நீரைத் தாங்கமாட்டா. ஆற்றுநீர் பெருமளவில் கலக்கும் கரைகளில் கடலட்டை அருகியிருப்பதற்கு இதுவே முதற்காரணம். பெரிய ஆறுகளின் பாய்ச்சல் குறைந்த மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் அது செழித்ததற்கும் இதனையே காரணமாகக் கூறலாம். அடுத்த காரணம் அடித்தரை. அந்தமான் நிக்கோபார், இலட்சத்தீவுக் கடல்கள் பவளப் பாறைகளால் ஆனவை. ஆதலால் பாறையும் தூய மணலும் விரும்பும் இனங்கள் அங்கே மிகுதி. பாக் விரிகுடாவோ ஆழமற்றது. சேறு கலந்த மணலும் கடற்புல் வெளிகளும் நிறைந்தது. பவளத் தீவுகளில் இனங்கள் பல. நம் கடற்புல் வெளிகளில் இனங்கள் சில, ஆனால் அவற்றுள் விலையுயர்ந்தது ஒன்று உண்டு. அதுவே வெள்ளை அட்டை. ஹோலோதூரியா ஸ்கேப்ரா என்பது அதன் அறிவியற் பெயர். ராஜ அட்டை, குச்சி அட்டை, நூல் அட்டை என்பன நம் மீனவர் பெயரிட்டு அறிந்த பிற இனங்கள். உருப்பெருக்கி இன்றியே இனம் பிரித்த அவர்தம் அறிவு போற்றத்தக்கது.

வெள்ளை அட்டையின் வாழ்வும் கடற்புல்லோடு பிணைந்தது. ஆணும் பெண்ணும் தம் வித்துகளைக் கடல்நீரில் விடுகின்றன. கருவுறுதல் நீரிலேயே நிகழ்கிறது. மிதந்து திரியும் இளவுயிரி சில கிழமைகளுக்குள் உருமாறிக் கடற்புல்லின் இலைகளில் தங்குகிறது. வளர்ந்தபின் மணலுக்கு இறங்கி, நாளின் ஒரு பகுதியை அதில் புதைந்தே கழிக்கிறது. ஆகவே கடற்புல் அழிந்த இடத்தில் கடலட்டை தானாகத் திரும்பி வருமென எதிர்பார்க்க இயலாது.

கடலின் உழவர்

மண்புழு வயலுக்குச் செய்யும் பணியைக் கடலட்டை கடலடிக்குச் செய்கிறது. மணலைக் கிளறிப் புரட்டுவதால் உயிர்வளி உட்புகுகிறது. தேங்கிய கழிவு செரிக்கப்பட்டுத் தாவரங்களுக்கு உரமாகிறது. அதன் குடலில் கரையும் சுண்ணாம்பு பவளம் வளரும் நீரின் காரத்தன்மைக்கும் துணையாகிறது. மீன் வளத்தின் அடித்தளம் இத்தகைய காணாப் பணிகளின்மேல்தான் நிற்கிறது. கடலட்டை எடுக்காத மீனவனுக்கும் கடலட்டையால் நன்மை உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

வணிகத்தின் நெடுவழி

கடலட்டையைத் தமிழகக் கரையில் பதப்படுத்தும் கலை சீனரிடமிருந்து வந்தது என்பர். குடலை நீக்கி, வேகவைத்து, மணற்குழியில் புதைத்து, மேற்றோலின் சுண்ணாம்பைத் தேய்த்து அகற்றி, மீண்டும் வேகவைத்து வெயிலில் உலர்த்துவது அம்முறை. உலர்ந்தபின் எஞ்சுவது பச்சை எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு கிலோ சரக்குக்குப் பின்னே எத்தனை உயிர்கள் மறைந்துள்ளன என்பதை இதனால் உணரலாம்.

இவ்வணிகத்தில் முஸ்லிம்களின் பங்கு உலக வரலாற்றில் ஒரு சிறப்பான இயலாகும். சுலாவெசித் தீவின் மக்காசார் முஸ்லிம்கள் வடமேற்குப் பருவக்காற்றில் பாய்மரக் கப்பலேறி ஆஸ்திரேலியாவின் வடகரைக்குச் சென்று, கடலட்டை எடுத்துப் பதப்படுத்தி, தென்கிழக்குக் காற்றில் திரும்பினர். 1803இல் அக்கரையை அளந்த மாத்யூ ஃபிளிண்டர்ஸ் அவர்தம் கப்பல் தலைவர் ஒருவரைச் சந்தித்தார். அங்குள்ள யோல்ங்கு பழங்குடியினர் மொழியில் மக்காசார்ச் சொற்கள் இன்றும் வழங்குகின்றன. 1907இல் அரசின் தடையால் அப்போக்குவரத்து முடிவுற்றது. மலேசியாவின் லங்காவித் தீவிலோ மலாய் முஸ்லிம்கள் கமாட் என்னும் கடலட்டையிலிருந்து எண்ணெயும் மருந்துநீரும் செய்கின்றனர்.

உண்ணல் பற்றிய வினா இங்கு எழுதல் இயல்பு. நம் கடற்கரையூர்களில் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹப் கடலில் மட்டும் வாழும் உயிரினங்களை உண்பதில் விரிந்த அனுமதி அளிக்கிறது. ஹனஃபி மத்ஹபோ மீனை மட்டுமே ஏற்கிறது. எனினும் தமிழக முஸ்லிம்களின் உணவில் கடலட்டை இடம்பெற்றதில்லை. எடுத்தவரும் விற்றவரும் நம்மவர், உண்டவர் தொலைதூரத்தவர். பொருளின் மதிப்பை உண்பவர் நாடு தீர்மானித்தது. அதன் அழிவோ நம் கடலில் நிகழ்ந்தது.

தடையும் அதன் விளைவும்

பருவக்காற்றே முன்பு இயற்கையான காவலாக இருந்தது. வடகிழக்குக் காற்றில் பாக் விரிகுடாவும் தென்மேற்குக் காற்றில் மன்னார் வளைகுடாவும் கொந்தளிக்க, ஒவ்வொரு கடலும் ஆண்டில் ஒரு பகுதி ஓய்வு பெற்றது. இழுவை மடிகளின் பெருக்கமும் அயல்நாட்டு விலையேற்றமும் இச்சமநிலையைக் குலைத்தன. 1982இல் மூன்று அங்குலத்திற்குக் குறைந்த உலர் கடலட்டையை ஏற்றுமதி செய்ய இந்திய அரசு தடை விதித்தது. 2001இல் கடலட்டை இனங்கள் யாவும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அன்றோடு எடுத்தலும் வைத்திருத்தலும் விற்றலும் குற்றமாயின.

தடைக்கு வலுவான காரணம் உண்டு. வித்துகள் நீரில் கலந்தே கருவுற வேண்டுமாதலால், அட்டைகள் ஒன்றுக்கொன்று அருகில் இருத்தல் இன்றியமையாதது. எண்ணிக்கை ஓரளவுக்குக் கீழே குறைந்தால், எஞ்சியவை உயிரோடு இருந்தும் இனம் பெருகாது. வெள்ளை அட்டையை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவித்துள்ளது.

ஆயின் மீனவர் குறையையும் நாம் செவிமடுக்க வேண்டும். தள்ளுமடியில் மீனோடு கடலட்டையும் தானே வந்து விழுகிறது. வலையை இழுத்தவன் குற்றவாளி ஆகும் அச்சத்தில் வாழ்கிறான். மூச்சடக்கி மூழ்கிப் பிழைத்த குடும்பங்களுக்கு மாற்றுத் தொழில் உரியவாறு அமையவில்லை. கடலின் மறுகரையான இலங்கையில் உரிமம் பெற்றுக் கடலட்டை எடுப்பதும் பண்ணையில் வளர்ப்பதும் முறையான தொழில்கள். ஒரே கடல், ஒரே உயிர். கோட்டுக்கு இப்பால் குற்றம், அப்பால் ஏற்றுமதி. இவ்வேற்றுமையே கள்ளக்கடத்தலுக்கு வழி திறந்தது. அதன் ஆதாயம் இடைத்தரகரைச் சேர்கிறது. சிறையோ பெரும்பாலும் ஏழையைச் சேர்கிறது.

பண்ணை வளர்ப்பும் இடரற்றதன்று. யாழ்ப்பாணம், கிளிநொச்சிக் கரைகளில் பண்ணைகள் பெருகியபோது, தம் மீன்பிடி இடங்கள் வேலியிடப்படுவதாகச் சிறு மீனவர் எதிர்த்தனர். 2021இல் கௌதாரிமுனையில் சீனத் தொடர்புடைய பண்ணை குறித்து எழுந்த சர்ச்சை நினைவுகூரத்தக்கது.

செய்யத்தக்கவை

வழி இல்லாமல் இல்லை. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடியில் 1988ஆம் ஆண்டிலேயே வெள்ளை அட்டையின் குஞ்சுகளைச் செயற்கையாகப் பொரிக்கச் செய்தது. டி.பி. ஜேம்ஸ் முதலிய அறிஞர்களின் உழைப்பு அது. நீரின் வெப்பத்தைச் சில பாகை உயர்த்தி வித்து விடத் தூண்டும் அம்முறை பின்னர்ப் பல நாடுகளில் பயன்பட்டது. விதை கண்ட நாட்டில் அறுவடை இல்லை என்பது வருந்தத்தக்கது. பொரித்த குஞ்சுகளை முதலில் கடற்புல் வெளிகளில் விட்டு இனத்தை மீட்பதும், பின்னர் மீனவர் கூட்டுறவுகளின் பொறுப்பில் அளவோடு வளர்ப்பதும் ஆராயத்தக்க வழிகள்.

காப்பிடங்களும் தேவை. இலட்சத்தீவின் சேரியபாணியில் 2020இல் உலகின் முதல் கடலட்டைக் காப்பகம் 239 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்தது. அத்தீவுகளைச் சார்ந்த மீனியல் அறிஞர் கே.கே. முகம்மது கோயாவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 2022இல் பாக் விரிகுடாவின் வடபகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடற்பசுக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. கடற்பசு மேயும் புல்வெளியே கடலட்டையின் தொட்டிலும் ஆதலால், ஒன்றைக் காப்பது இரண்டையும் காப்பதாகும்.

மேய்ச்சல் நிலத்தின் ஒரு பகுதியை அனைவர் நலனுக்கும் ஒதுக்கிக் காக்கும் 'ஹிமா' என்னும் மரபை இஸ்லாமியச் சட்டவியல் நன்கறியும். அது கடலுக்கும் பொருந்தும். எந்த இனம் எந்தத் துறையில் எவ்வளவு உள்ளது என்னும் கணக்கெடுப்பு அதற்கு முதற்படி. மீனவரின் பட்டறிவும் அறிவியலாரின் கருவியும் ஒரே படகில் ஏறினாலன்றி அக்கணக்கு நிறைவுறாது. தடையை நீட்டிப்பதோ தளர்த்துவதோ எதுவாயினும், அக்கணக்கின்மேல் எழும் முடிவே உயிருக்கும் உழைப்புக்கும் நீதி செய்வதாக அமையும்.