கம்ப்யூட்டரை ஆன் செய்தால் வீடே இருட்டாகிறதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் பலர் என்னிடம் சொல்லும் புகார் ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் சுவிட்சைத் தட்டினால் மெயின் போர்டில் 'டக்' என்று ஒரு சத்தம். வீடு முழுக்க மின்சாரம் போய்விடுகிறது. உடனே கடைக்காரருக்குப் போன் போட்டு, "எஸ்.எம்.பி.எஸ். போயிருச்சு, மாத்திக் கொடுங்க" என்று சண்டை பிடிப்பார்கள். பல நேரங்களில் எஸ்.எம்.பி.எஸ். மேல் எந்தத் தப்பும் இருக்காது. நான் சாஃப்ட்வேர் ஆள்தான். ஆனாலும் இந்தப் பிரச்னையைத் துரத்திப் பிடிக்கும் முறை, புரோகிராமில் பிழை தேடுவதைப் போன்றதே.

முதலில் விழுந்தது எது என்று பாருங்கள். மெயின் போர்டில் இரண்டு வகை சுவிட்சுகள் இருக்கும். ஒல்லியாக வரிசையாக இருப்பவை எம்.சி.பி. ஒயர் தாங்கும் அளவுக்கு மேல் கரண்ட் ஓடினாலோ, ஷார்ட் ஆனாலோ இவை விழும். இன்னொன்று சற்று அகலமானது. அதில் 'டெஸ்ட்' என்று சிறிய பட்டன் இருக்கும். அதுதான் ஆர்.சி.சி.பி. நம் ஊர் கடைகளில் இதை இன்றும் பழைய பெயரில் இ.எல்.சி.பி. என்றுதான் கேட்பார்கள். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

ஆர்.சி.சி.பி.க்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று. ஃபேஸ் ஒயரும் நியூட்ரல் ஒயரும் அதற்குள் ஒரே வளையத்தின் வழியாகப் போகின்றன. ஃபேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்தால் கணக்கு சரி. கொஞ்சம் குறைந்தால், அது வேறு வழியில், அதாவது எர்த் ஒயர் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ ஒரு மனிதர் உடம்பு வழியாகவோ தரைக்குப் போகிறது என்று பொருள். வீடுகளில் போடுவது 30 மில்லியாம்பியர் வகை. 30 மில்லியாம்பியர் கசிந்தால் அது 0.3 விநாடிக்குள் விழ வேண்டும்; 15-க்குக் கீழே விழக்கூடாது. இடைப்பட்ட அளவில் எங்கே வேண்டுமானாலும் விழலாம்.

கம்ப்யூட்டர் எவ்வளவு கசியும்? எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாசலில் இரைச்சலை வடிகட்ட ஒரு ஃபில்டர் உண்டு. அதில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு சின்ன கெபாசிட்டர் உட்கார்ந்திருக்கும். அது 4.7 நானோஃபாரட் என்றால், நமது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 0.34 மில்லியாம்பியர் எர்த்துக்குப் போகும். இது பழுது அல்ல, அதன் வடிவமைப்பே அப்படி. எர்த் இணைப்புள்ள பிளக் சாதனங்களுக்குச் சர்வதேசத் தரம் அனுமதிக்கும் உச்ச அளவே 3.5 மில்லியாம்பியர்தான். ஆகவே நல்ல நிலையிலுள்ள ஒரே ஒரு கம்ப்யூட்டர் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி.யைத் தள்ளிவிட முடியாது. பதினைந்து இருபது கம்ப்யூட்டர்களை ஒரே ஆர்.சி.சி.பி.யில் மாட்டிய பிரவுசிங் சென்டர் என்றால் கதை வேறு. அங்கே சிறுதுளி பெருவெள்ளம்தான்.

அப்படியானால் வீட்டில் ஏன் விழுகிறது? எனக்கு நேரில் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஆர்.எஸ்.புரத்தில் பெரியப்பா வீடு. பழைய வீடு, கீழே மரச்சட்டத்தில் ஓடிய ஒயரிங்கை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டு, மேல்மாடிக்கு ஒன்று, கீழ்தளத்துக்கு ஒன்று என இரண்டு ஆர்.சி.சி.பி. வைத்திருந்தார்கள். மாடி அறையில் கம்ப்யூட்டருக்காகப் புதிதாக ஒரு பிளக் பாயிண்ட் எடுத்தார்கள். அன்றிலிருந்து தொல்லை. "இது வந்ததுல இருந்துதான் கண்ணு கரண்ட்டு நிக்கறதே இல்ல" என்று பெரியம்மா கம்ப்யூட்டரையே முறைத்துக்கொண்டிருந்தார். பார்க்க வந்த ஒருவர் சுலபமாக வழி சொன்னார்: "எர்த் ஒயரைக் கழட்டி உட்டுட்டா சரியாப் போயிருமுங்க."

இந்த யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எர்த் இல்லாவிட்டால் அதே கெபாசிட்டர்கள் வழியாகக் கேபினெட்டில் சுமார் 115 வோல்ட் வந்து நிற்கும். தொட்டால் சுருக்கென்று கூசும். அந்தக் கரண்ட் குறைவு என்பதால் ஆளைக் கொல்லாது. ஆனால் நாளை எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் ஃபேஸ் ஒயர் உண்மையிலேயே பாடியில் பட்டால், எர்த் வழியாகப் போக வேண்டிய கரண்ட்டுக்கு வழியே இருக்காது. தொடுகிற குழந்தையின் கைதான் வழி. அதற்கும் மேலே ஒரு படி போய் ஆர்.சி.சி.பி.யையே பைபாஸ் செய்துவிட்டால் காப்பாற்ற எதுவும் மிச்சமில்லை. எம்.சி.பி. விழ பல ஆம்பியர் வேண்டும். ஒரு மனிதருக்கு 50 மில்லியாம்பியரே இதயத்தை நிறுத்தப் போதும்.

பெரியப்பா வீட்டில் இரண்டு விஷயம் எனக்கு உறுத்தியது. ஒன்று, ஒரு நாள் மாடி ஆர்.சி.சி.பி. விழும், இன்னொரு நாள் கீழ்தளத்துடையது விழும், சில நாள் இரண்டுமே. மாடியில் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் கீழ்தளத்துக்கும் என்ன சம்பந்தம்? இரண்டு, அதே கம்ப்யூட்டரை ஹாலில் மாட்டினால் நாள் முழுக்க ஓடியது. அந்த மாடி பிளக்கில் அரை வாட் எல்.இ.டி. நைட் லேம்ப் போட்டோம், எரிந்தது. 60 வாட் குண்டு பல்பை டூ-பின் பிளக்கில் மாட்டினோம், 'டக்'. டூ-பின்னில் எர்த்தே கிடையாது. எனவே எர்த்துக்குக் கசிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. கம்ப்யூட்டர் நிரபராதி.

நாங்கள் கூப்பிட்ட இன்னொரு எலக்ட்ரீஷியன் அண்ணன் இதைக் கேட்டதும் மாடிப்படி சுவிட்ச் பாக்ஸைத்தான் முதலில் திறந்தார். புதிய பாயிண்ட்டுக்கு ஃபேஸ் மாடி லைனிலிருந்து வந்திருந்தது. நியூட்ரலை மட்டும், பக்கத்தில் கிடைத்ததே என்று, படிக்கட்டு லைட்டின் பாக்ஸிலிருந்து எடுத்திருந்தார்கள். அது கீழ்தளத்து நியூட்ரல். மாடி ஆர்.சி.சி.பி. வழியாகப் போன கரண்ட் கீழ்தளத்து ஆர்.சி.சி.பி. வழியாகத் திரும்புகிறது. இரண்டுக்குமே கணக்கு இடிக்கிறது. எது முந்திக்கொள்கிறதோ அது விழும். 60 வாட் பல்புக்கே 260 மில்லியாம்பியர் ஓடுகிறதே! மாடி நியூட்ரல் பாரிலிருந்து ஒரு புதிய ஒயர் இழுத்ததோடு தொல்லை தீர்ந்தது.

மூன்று ஃபேஸ் சப்ளை உள்ள வீடுகளிலும், இன்வெர்ட்டருக்காகப் பின்னால் ஒயரிங்கை மாற்றிய வீடுகளிலும் இந்த நியூட்ரல் குழப்பம் சகஜம். இன்வெர்ட்டர் வைத்த மறுநாளிலிருந்து விழுகிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவேன்.

உங்கள் வீட்டில் தேடுவது எப்படி? எல்லா பிளக்குகளையும் உருவிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. நம் பிளக் சுவிட்சுகள் ஃபேஸை மட்டுமே துண்டிக்கும், நியூட்ரல் இணைந்தே இருக்கும். பிறகு ஆர்.சி.சி.பி.யை மேலே தூக்குங்கள். நின்றால், ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். கோவைக் குளிரில் காலையில் கீசர் போடும்போது மட்டும் விழுந்தால், கீசர் காயிலில் ஈரம் ஏறியிருக்கலாம். அடிக்கடி கழுவும் வெட் கிரைண்டரின் மோட்டாருக்குள் தண்ணீர் போயிருக்கலாம். போர்வெல் மோட்டார் தானாக ஓடி நிற்கும் வீடுகளில், நேரம் காலம் இல்லாமல் விழுந்தால், கிணற்றுக்குள் இருக்கும் கேபிள் ஜாயிண்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் பக்கத்தில் சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் எஸ்.எம்.பி.எஸ். அல்ல, பழைய ஸ்பைக் பஸ்டர். மின்னல், வோல்டேஜ் ஏற்றத்தை எல்லாம் வாங்கி வாங்கி அதற்குள் இருக்கும் வேரிஸ்டர் நொந்துபோய்க் கசிய ஆரம்பிக்கும்.

எல்லாவற்றையும் உருவியும் நிற்கவில்லையா? கோளாறு ஒயரிங்கில். எம்.சி.பி.க்களை இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்க்கலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பல வீடுகளில் எம்.சி.பி.யும் ஃபேஸை மட்டுமே துண்டிக்கும். எங்கோ ஒரு பாக்ஸில் நியூட்ரல் ஒயர் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்த லைனின் எம்.சி.பி.யை இறக்கினாலும் தொடுகை அப்படியே இருக்கும். வேறொரு லைனில் அயர்ன் பாக்ஸ் போட்டதும் திரும்பும் கரண்ட்டில் ஒரு பங்கு எர்த் வழியாக ஓடி, ஆர்.சி.சி.பி. விழும். பழி அயர்ன் பாக்ஸ் மேல். இதைக் கண்டுபிடிக்க நியூட்ரல் பாரில் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். அது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனின் வேலை. ஆர்வத்தில் போர்டைத் திறக்காதீர்கள். அவர் மெக்கர் கொண்டு 500 வோல்ட்டில் சோதிப்பதாக இருந்தால், அதற்கு முன் கம்ப்யூட்டர், மோடம், டிவி எல்லாவற்றின் பிளக்கையும் மறக்காமல் உருவிவிடுங்கள்.

கரண்ட் போய் வரும் நொடியில் மட்டும் விழுகிறதா? எல்லா ஃபில்டர் கெபாசிட்டர்களும் ஒரே நேரத்தில் சார்ஜ் ஆகும்போது அப்படி நடக்கும். கரண்ட் போனதும் கம்ப்யூட்டர், டிவி பிளக் சுவிட்சுகளை அணைத்து வைத்து, வந்த பிறகு ஒவ்வொன்றாகப் போடுங்கள். அப்படியும் தொடர்ந்தால் மாடிக்கும் கீழுக்கும் தனித்தனி ஆர்.சி.சி.பி. வைத்து நிலையான கசிவைப் பிரித்துவிடலாம். ஒன்றில் சேரும் கசிவு 9 மில்லியாம்பியரைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

புதிதாக வாங்கும்போது 'ஏ' டைப் என்று கேட்டு வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் 'ஏ.சி.' டைப், எஸ்.எம்.பி.எஸ். பழுதாகும்போது வரும் துடிப்பு டி.சி. கசிவைக் கண்டுகொள்ளாமல் போகலாம். மாதம் ஒரு முறை அந்த டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழவில்லை என்றால் அன்றே மாற்றுங்கள். அழுத்துவதற்கு முன் கம்ப்யூட்டரை முறைப்படி ஷட் டவுன் செய்துவிடுங்கள்.