'இல்லை' என்னும் விடையின் பயன்



புதிர் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். ஒருவர் பத்தாம் மாடியில் குடியிருக்கிறார். நாள்தோறும் காலையில் மின்தூக்கியில் ஏறித் தரைத்தளத்திற்கு வந்து வேலைக்குச் செல்கிறார். மாலையில் தனியே திரும்பும்போது ஏழாம் மாடிவரை மட்டுமே மின்தூக்கியில் செல்கிறார். எஞ்சிய மூன்று மாடிகளையும் படியேறிக் கடக்கிறார். மழை நாட்களில் மட்டும் நேரே பத்தாம் மாடிக்கே சென்று இறங்குகிறார். இஃது ஏன்?

இப்புதிரை விடுவிக்க ஒரு முறை உண்டு. விடையறிந்தவர் நடுவராக இருப்பார். மற்றவர் அவரை வினவலாம். ஆனால், 'ஆம்' அல்லது 'இல்லை' என்று மட்டுமே மறுமொழி கூறத்தக்கதாக வினா அமைதல் வேண்டும். நேர்வழியில் மேலும் மேலும் செல்லாமல், பார்க்கும் கோணத்தையே மாற்றிச் சிந்திப்பதைப் பக்கவாட்டுச் சிந்தனை என்கிறோம். 1967-ஆம் ஆண்டில் இதற்கு ஆங்கிலத்தில் பெயர் சூட்டியவர், மால்ட்டாவில் பிறந்த எட்வர்ட் டி போனோ என்னும் அறிஞர்.

ஆசிரியப் பணியில் இருந்த நாட்களில் இத்தகைய புதிர்களை வகுப்பில் நான் கொடுப்பதுண்டு. "மின்தூக்கி பழுதா?" என்பான் ஒருவன். "இல்லை." "ஏழாம் மாடியில் நண்பரைக் காண்கிறாரா?" "இல்லை." "உடற்பயிற்சிக்காக நடக்கிறாரா?" "இல்லை." மூன்று முறை 'இல்லை' கேட்டதும் வகுப்பு அடங்கிவிடும். அச்சொல்லைத் தோல்வி என்றே மாணவர் கொண்டனர். உண்மையில் அது தோல்வியன்று. நமக்குக் கிடைத்த செய்தியே ஆகும்.

கணக்கினால் இதனை விளக்குவேன். 1 முதல் 1000 வரையுள்ள எண்களுள் ஒன்றை உங்கள் நண்பர் நினைத்துக்கொள்கிறார். "அது 1-ஆ? 2-ஆ?" என்று கேட்டுச் சென்றால் 999 வினாக்கள்வரை தேவைப்படலாம். "அது 500-க்கு மேற்பட்டதா?" என்று கேளுங்கள். 'ஆம்' எனினும் 'இல்லை' எனினும் 500 எண்கள் ஒழிந்துபோகும். இவ்வாறு பாதி பாதியாகக் குறைத்தால் பத்து வினாக்களே போதும். ஏனெனில், பத்து இரண்டுகளின் பெருக்கம் 1024. இருபது வினாக்களோ 10,48,576 பொருள்களுள் ஒன்றைப் பிரித்துக் காட்ட வல்லவை! பாதியாகப் பிரிக்கும் வினாவிற்கு இரு விடைகளும் ஒரே மதிப்புடையன.

இனிப் புதிருக்குத் திரும்புவோம். "அவர் விரும்பித்தான் படியேறுகிறாரா?" என்று கேட்டால், "இல்லை" என்பதே விடை. அந்த ஒரு சொல்லால் உடற்பயிற்சி, நண்பர், சிக்கனம் ஆகிய காரணங்கள் யாவும் ஒருங்கே விலகிவிடுகின்றன. எனவே, அவரால் இயலவில்லை என்பது தெளிவு. "மற்றொருவர் உடன்வந்தால் பத்தாம் மாடிவரை செல்வாரா?" "ஆம்." "மழையன்று கையிலுள்ள பொருள் அவருக்கு உதவுகிறதா?" "ஆம்." குடைதான் அப்பொருள்! அவர் மிகவும் உயரம் குறைந்தவர். ஏழாம் மாடிக்குரிய பொத்தான்வரையே அவர் கை எட்டும். மழையன்று குடையின் நுனியால் பத்தாம் பொத்தானை அழுத்துகிறார்.

நம்மைத் தடுத்தது எது? 'ஒருவர்' என்றதும் நம்மைப் போன்ற உயரமுடையவரை நாமே கற்பித்துக்கொண்டோம். கதை அவ்வாறு கூறவில்லை. ஆதலின், வழி அடைபடும்போது, கதையுடன் நாம் சேர்த்துக்கொண்டது யாது என்பதையே முதலில் வினவுதல் வேண்டும்.

'ஆம்' என்னும் விடையும் சில வேளைகளில் நம்மை ஏமாற்றும். 1960-ஆம் ஆண்டில் பீட்டர் வேசன் என்னும் ஆங்கில உளவியல் அறிஞர் ஓர் ஆய்வை வெளியிட்டார். 2, 4, 6 என்னும் எண்கள் ஒரு விதிக்கு உட்பட்டவை. வேறு மூன்று மூன்று எண்களாகக் கூறி அவ்விதியைக் கண்டறிக என்றார். 'இரண்டிரண்டாகக் கூடும்' எனக் கருதியவர்கள் 8, 10, 12 போன்றவற்றையே கூறினால், ஒவ்வொரு முறையும் 'ஆம்' என்ற விடையே கிடைக்கும், கருத்தும் உறுதிப்படும். ஆயினும் அது தவறு. எண்கள் ஏறுவரிசையில் இருத்தல் வேண்டும் என்பதே விதி. 1, 2, 3 என்று ஒருமுறை கூறிப் பார்த்தால் அக்கருத்து உடைந்துவிடும். தம் கருத்தைத் தாமே சோதிக்கும் வினாவை எழுப்பப் பலருக்கு மனம் வரவில்லை.

வாழ்க்கையிலும் இம்முறை பயன்படும். விளக்கு எரியவில்லையெனில், "அடுத்த அறை விளக்கு எரிகிறதா?" என்று பாருங்கள். 'இல்லை' எனில், விளக்கைக் கழற்றும் முன்பே வீட்டிற்கு வரும் மின்சாரத்தை ஆராய்வீர்கள்.

மாணவர்களே, தவறாக இருக்குமோ என்றஞ்சி வகுப்பில் எழாமற்போன வினாக்கள் பல. ஆசிரியர் 'இல்லை' என்று சொன்னால் நாணி அமராதீர்கள். அதனால் எவையெல்லாம் விலகின என்று எண்ணி, அடுத்த வினாவைத் தொடுங்கள். வினவ அஞ்சாதவனுக்கே விடை கைகூடும்.