கண்ணாடியிற் படியும் மூச்சு

1911ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், அந்தாட்டிக்காவின் இருட் பருவத்தில், வில்சன், பவர்ஸ், செரி-கரார்ட் என்னும் மூவர் பேரரசப் பென்குவினின் முட்டைகளைத் தேடிக் குரோசியர் முனை நோக்கிப் புறப்பட்டனர். வெப்பநிலை சில நாட்களிற் பூச்சியத்துக்குக் கீழே 60 பாகை சதம அளவிற்குத் தாழ்ந்தது. மூவருள் இளையவரான செரி-கரார்ட் குறும்பார்வையுடையவர். மூக்குக் கண்ணாடியின்றித் தூரத்துப் பொருள் அவருக்குத் தெளிவாகத் தெரியாது. ஆயினும் அக்குளிரில் அவர் அதனை அணிய இயலவில்லை. அணிந்தால் அவருடைய மூச்சே கண்ணாடியில் உறைந்து திரையிட்டது. ஐந்து வாரப் பயணத்தைப் பெரும்பாலும் அரைப் பார்வையுடனேயே அவர் முடித்தார்.

குளிரே கண்ணாடியை மங்கச் செய்கிறது எனப் பலர் எண்ணுவர். ஈரத்தை அளிப்பவரோ அதனை அணிந்தவரே. 20 பாகையிலுள்ள ஒரு கன மீற்றர் வளி ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். பூச்சியப் பாகையில் அது 5 கிராமையேனும் தாங்காது. மூச்சும் வியர்வையும் தந்த ஈரவளி குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும், தாங்கவொண்ணாத நீரை அங்கேயே இறக்கிவிடுகிறது. சூடான தேநீர்க் கோப்பைக்கு மேற் குனிவோர் காண்பதும் இதுவே. ஆனால் பனிமலையில் மங்கிய கண்ணாடியைக் கழற்றுபவருக்கு, பனியிற் பட்டுத் தெறிக்கும் புறவூதாக் கதிரினாற் பனிக்குருடு நேரலாம். அதன் வேதனை சில மணி நேரம் கழிந்த பின்னரே தோன்றுவதால், ஏமாறுவோர் பலர்.

காப்பு யாது? ஈரவளி வெளியேற வழி வேண்டும். ஆதலாற் பனிக் கண்ணாடிகளின் விளிம்பிற் துளைகள் அமைக்கப்படுகின்றன. அவற்றைத் துணியால் மூடலாகாது. மூக்கை மூடும் துணி தளர்ந்திருப்பின் மூச்சு மேல்நோக்கிப் பாயும். அதனை மூக்கின்மீது நன்கு பொருத்துதல் வேண்டும். வியர்த்த நெற்றியிற் கண்ணாடியை ஏற்றி வைப்பது பெருந்தவறு. இடையில் வளி அடைபட்ட இரட்டைக் கண்ணாடியின் உட்புறம் அத்துணை குளிர்வதில்லை. மரத்திலும் எலும்பிலும் சிறு பிளவு செதுக்கி அணிந்த இனுயிற் மக்களுக்கோ இத்தொல்லையே இல்லை. அவர்தம் கருவியிற் கண்ணாடியே கிடையாதன்றோ!

சவர்க்காரத்தை மெல்லப் பூசித் துடைத்தலும் பயன்தரும். அது நீரின் மேற்பரப்பிழுவிசையைக் குறைக்கும். துளிகள் தனித்தனியே நின்று ஒளியைச் சிதறாது ஒரே படலமாகப் பரவும். 1966 ஜூனில் ஜெமினி 9 கலத்தினின்று வெளியேறிய சேர்னன் என்பாரின் முகக்கவசம் கடும் உழைப்பினால் முற்றும் மங்கியது. மூக்கு நுனியால் தேய்த்துச் சிறிதளவு பார்வை பெற்றார். அதன்பின் சென்றோரின் கவசங்களுக்கு இத்தகைய கரைசல் பூசப்பட்டது. எனினும் அளவு தேவை. 2001 ஏப்ரலில் விண்ணில் உழைத்துக்கொண்டிருந்த கனடிய வீரர் ஹட்ஃபீல்டின் கண்ணில் அக்கரைசலே புகுந்து, சிறிது நேரம் அவர் பார்வையை மறைத்தது. ஆகவே பூசியபின் மெல்லிய துணியால், கண்ணுக்குப் புலப்படாத அளவிற்குத் துடைத்தெடுத்தல் வேண்டும்.