சிற்றறையுள் ஒரு புகையிரதப் பாதை

மலையைக் குடைந்தும் ஆற்றைக் கடந்தும் இருப்புப்பாதை அமைத்தோர் நிலத்தின் விரிவை வென்றனர் என்பர். அதே இருப்புப்பாதையை வீட்டினுள்ளே சிறு வடிவிற் சமைக்க முயல்வோர்க்கோ வெல்லுதற்கரிய பகை இடக்குறையேயாம். மாதிரியுருப் புகையிரதக் கலை வளர்ந்த இங்கிலாந்திலே பெரும்பாலோர் வாழும் வீடுகள் சிறியன. அங்கு ஒருவருக்கு வாய்ப்பது படுக்கையறையின் ஒரு சுவரோரமாக இருக்கலாம். கூரையின் கீழுள்ள பரணாக இருக்கலாம். அச்சிறிய இடத்திலே புகையிரதத்தை மட்டுமன்றிப் புகையிரதச் சேவையையும் அமைத்துக் காட்டல் கூடுமோ என்ற வினாவுக்கு அந்நாட்டு ஆர்வலர் கண்ட விடைகள் ஆராயத்தக்கன.

முதலில் எழுந்த விடை, உருவைக் குறைத்தல் என்பது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த மாதிரியுருக்களின் தண்டவாளங்கள் 45 மில்லிமீற்றர் அல்லது 32 மில்லிமீற்றர் அகலமுடையன. அவற்றை விரிக்கத் தோட்டமோ பெரிய மண்டபமோ வேண்டும். 1922 இல் நோர்தாம்ரன் நகரத்துப் பாஸெற்-லோக் நிறுவனத்தார் அவ்வகலத்தை ஏறத்தாழப் பாதியாக்கி, மேசைமேல் ஓடத்தக்க புகையிரதத்தை விற்பனைக்குக் கொணர்ந்தனர். 1938 இல் லிவர்பூல் மெக்கானோ நிறுவனத்தாரின் 'ஹோர்ன்பி டப்ளோ' வெளிவந்தபின் இவ்வளவு நாடெங்கும் பரவிற்று. உண்மைப் பொருளின் ஓர் அடி இங்கே 4 மில்லிமீற்றர் ஆகும். அஃதாவது 76 இல் ஒரு பங்கு.

இவ்வளவிடையிலே ஒரு வழுவும் உடன்பிறந்தது. 4 அடி 8½ அங்குல அகலமுள்ள பிரித்தானியப் பாதை இக்கணக்கின்படி 18.83 மில்லிமீற்றர் இருத்தல் வேண்டும், இருப்பதோ 16.5 மில்லிமீற்றர். பிரித்தானிய எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களினும் உருவிற் சிறியன. அடிக்கு 3.5 மில்லிமீற்றர் என்ற அளவிடையில் அவற்றைச் செய்தபோது அக்காலத்து மின்பொறி உள்ளே அடங்கவில்லை. ஆதலின் தண்டவாளத்தை அவ்வாறே விட்டு வண்டியை மட்டும் சற்றே பெருப்பித்தனர். குறுகிய பாதைமேற் பருத்த வண்டி நிற்கும் இக்காட்சி இன்றுவரை நிலைத்துவிட்டது. இலங்கையின் பாதை 5 அடி 6 அங்குல அகலமுடையது. அதற்கு 22 மில்லிமீற்றர் வேண்டும். கடையில் வாங்கிய 16.5 மில்லிமீற்றர்த் தண்டவாளத்தில் இலங்கை வண்டியை ஓட்டுவோர் ஆங்கிலேயரினும் பெரிய பொய்யொன்றைப் பொறுத்துக்கொள்ளல் வேண்டும்.

உருவைக் குறைத்ததனால் இடக்குறை தீர்ந்ததா? கணக்கிட்டு நோக்கினால் தீரவில்லை என்பது தெரியும். 4 மில்லிமீற்றர் அளவிடையில் ஒரு மைல் என்பது 69 அடிக்குச் சற்று மேற்பட்டது. 64 அடி நீளமுள்ள பயணிகள் பெட்டி ஏறத்தாழ 10 அங்குலமாகும். அத்தகைய பெட்டிகள் பத்தும் பெரிய எஞ்சின் ஒன்றும் சேர்ந்த விரைவு வண்டி 9 அடியைத் தாண்டும். அவ்வண்டி நிற்கும் மேடையே ஓர் அறையின் சுவரை விழுங்கிவிடும். வளைவுகளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. விளையாட்டுத் தொகுதிகளில் வந்த வளைவின் ஆரை 15 அங்குலம். உண்மை அளவில் இது 95 அடி. அத்துணைக் குறுகிய வளைவிலே எந்த விரைவு வண்டியும் ஓடியதில்லை. ஒரு பாதையின் மேலாக மற்றொரு பாதையைக் கொண்டுசெல்வதும் எளிதன்று. மேலேறுவதற்கு 3 அங்குல உயரம் வேண்டும். 30 அடிக்கு 1 அடி என்ற செங்குத்தான ஏற்றத்தை ஏற்றுக்கொண்டாலும் அவ்வுயரத்தை அடைய 7½ அடி ஓடவேண்டும். 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஆர்னோல்ட் நிறுவனத்தார் 9 மில்லிமீற்றர் அகலப் பாதையைக் கொணர்ந்தனர். நீளம் பாதியாகவும் பரப்புக் காற்பங்காகவும் சுருங்கின எனினும், ஒரு மைல் இன்னும் 35 அடிக்கு மேற்பட்டே நின்றது.

தொடக்கக்காரர் பலர் செய்வது யாதெனின், 6 அடி நீளமும் 4 அடி அகலமுமுள்ள பலகையொன்றில் நீள்வட்டமாகப் பாதையை இட்டு வண்டியைச் சுற்றவிடுதல். வண்டி ஓயாது ஓடும் என்பது உண்மையே. ஆயினும் மணிக்கு 30 மைல் என்னும் வேகத்துக்கு நேரான கதியில், 15 அங்குல ஆரையுள்ள வளைவுகளும் 3 அடி நேர்ப்பாதைகளும் கொண்ட அந்நீள்வட்டத்தை அது 24 விநாடியிற் சுற்றி முடிக்கும். ஒரு நிமிடத்தில் இரண்டரைமுறை அதே நிலையத்தைக் கடக்கும் வண்டி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? இவ்வினாவுக்கு விடையில்லாமையாலேயே அரைமணிக்குள் சிறுவர்க்கும் அதில் உவப்புக் குன்றிவிடுகிறது. தூரத்தைச் சுருக்க முயன்றது இங்கு நேர்ந்த பிழை. தூரம் சுருங்காது. சுருங்கத்தக்கது புகையிரத ஊழியரின் தொழில்.

இவ்வுண்மையைத் தெளிந்தோர் கண்ட சிறந்த உபாயம் 'பிடில் யார்ட்' என ஆங்கிலேயர் வழங்கும் மறைமுற்றம். சுவரோரத்தில் 10 அடி இடம் உண்டெனக் கொள்வோம். அதில் 5 அடியிலே ஒரு சிறு கிளைப்பாதையின் கடைநிலையத்தை அமைத்து, அதன் எல்லையில் ஒரு தெருப்பாலத்தை நிறுத்துவர். பாலத்தின் கீழாகப் பாதை காட்சியிலிருந்து மறைந்து, எஞ்சிய இடத்திலுள்ள வெறும் பலகையை அடையும். அப்பலகையில் நாலைந்து தண்டவாளங்கள் அருகருகே கிடக்கும். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வண்டி காத்து நிற்கும். மரமில்லை, வீடில்லை, வேலியில்லை. ஆயினும் அந்நிலையத்துக்கு அப்பாலுள்ள உலகம் முழுவதும் அதுவே. திரைக்குப் பின்னாலுள்ள ஒரே சிற்றறை நாடகத்திலே அயோத்தியாகவும் ஆகிறது, இலங்கையாகவும் ஆகிறது. அரங்கிலிருப்போர் அதனை ஐயுறுவதில்லை. அவ்வாறே பாலத்தின் கீழிருந்து வெளிப்படும் வண்டி இலண்டனிலிருந்து வந்ததாகவே காண்போர் கொள்வர்.

இடமே அரிதாயிருக்கையில் அதிற் பாதியளவை மறைவுக்கு ஒதுக்குவதா என்று புதியோர் மறுப்பர். அம்மறுப்பு இயல்பே, ஆயினும் பிழை. வந்த வண்டி உடனே திரும்பி வராமல் மறைந்திருக்க ஓரிடம் இல்லையெனின் நேர அட்டவணை என்பதொன்று இல்லை. அட்டவணை இல்லையெனின் எஞ்சியிருப்பது பொம்மையே. மறைமுற்றத்தையும் சிக்கனமாக அமைக்க வழியுண்டு. பாதையைப் பிரித்துவிடும் 'பொயின்ற்' ஒவ்வொன்றும் அரையடி இடத்தைப் பிடிக்கும். ஆதலாற் பொயின்றுகளை நீக்கி, தண்டவாளங்கள் அனைத்தையும் பக்கவாட்டில் நகரும் பலகையொன்றில் இட்டு, வேண்டிய பாதையை வாயிலுக்கு நேரே தள்ளி நிறுத்துவர். வண்டியை நீண்ட தட்டிலே தாங்கி அப்படியே தூக்கித் திருப்பி வைப்போரும் உளர்.

கிளைப்பாதையின் கடைநிலையம் சிற்றிடத்துக்கு ஏற்றதாவதற்குக் காரணம் உண்டு. சிறிய எஞ்சினும் 57 அடிப் பெட்டிகள் இரண்டும் சேர்ந்த அதன் வண்டி 2 அடிக்கு மேற்படாது. வந்து நின்றதும் எஞ்சினைக் கழற்றி, பக்கப் பாதை வழியே சுற்றிவரச் செய்து, மறுமுனையிற் பூட்டல் வேண்டும். இதற்கிடையே பாற்பெட்டியொன்றைப் பின்னாற் சேர்க்க நேரலாம். சரக்கு வண்டியொன்று வழிக்காகக் காத்திருக்கலாம். வண்டி ஓடிய தூரம் ஐந்தடியே. ஆயின் அவ்வேலைகளைச் செய்து முடிக்கப் பல நிமிடம் செல்லும்.

நகரத்து நிலையத்தின் சுறுசுறுப்பை விரும்புவோர்க்கு வழிகாட்டியவர் சிறில் பிறீசர். 'றெயில்வே மொடலர்' என்னும் சஞ்சிகைக்கு நெடுங்காலம் ஆசிரியராயிருந்த அவர் 1957 இல் 'மினோரீஸ்' என்ற பெயரால் ஒரு திட்டத்தை வெளியிட்டார். மினோரீஸ் என்பது இலண்டன் மாநகரின் கிழக்கோரத்துத் தெரு. 1840 இல் திறக்கப்பட்ட பிளாக்வோல் பாதையின் முதற் கடைநிலையம் அங்கேதான் இருந்தது. பிறீசரின் திட்டம் அந்நிலையத்தின் படியன்று. பெயரை மட்டுமே அது கொண்டது. இரட்டைப் பாதை, மூன்று மேடைகள், சில பொயின்றுகள்: இவ்வளவே அதன் உறுப்புகள். ஆயினும் எந்தப் பாதையிலிருந்தும் எந்த மேடைக்கும் வண்டி செல்லலாம். நேரெதிரான இரு வளைவுகள் அடுத்தடுத்து வந்தாற் பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டித் தடம் புரளும். அக்குறையைப் பெரிதும் தவிர்க்குமாறு அவர் பொயின்றுகளை அடுக்கிய முறையே அத்திட்டத்தின் உயிர். வந்த எஞ்சின் மேடையின் கடைசியில் அகப்பட்டு நிற்கும். வேறோர் எஞ்சின் மறுமுனையிற் பூட்டிப் பெட்டிகளை இழுத்துச் செல்லும். விடுபட்ட எஞ்சின் அடுத்த வண்டிக்காக ஒதுங்கி நிற்கும். இருபுறமும் உயர்ந்த மதில்களும் கட்டடங்களின் முதுகுகளும் நகரத்தின் நெருக்கத்தைக் காட்டுவதோடு பலகையின் குறுமையையும் மறைத்துவிடும். ஆர்வலர் இன்றும் அத்திட்டத்தை எடுத்தாள்கின்றனர்.

இன்னும் குறுகிய இடமே உடையோர் பயணிகளைத் துறந்து சரக்குப் பெட்டிகளை மட்டுங் கொள்வர். 'ஷண்டிங்' எனப்படும் பெட்டி மாற்றும் வேலையை ஒரு புதிர் விளையாட்டாக்கியவர் இருவர். ஒருவர் கலிபோர்னியாவின் ஜோன் அலன். சிறு பலகையொன்றிலே தொடங்கி, ஆண்டுகள் பலவாக வளர்த்து, மலைகளும் பள்ளத்தாக்குகளும் நிறைந்த பெரும் மாதிரிப் பாதையைத் தம் வீட்டில் எழுப்பியவர் அவர். அத்துணைப் பெரிய பாதையை உடையவரே ஐந்து பொயின்றுகளில் அடங்கும் 'ரைம்சேவர்' என்னும் புதிரை வகுத்து 1972 இல் வெளியிட்டார். 1973 தொடக்கத்தில் அவர் மறைந்தார். சில நாளுள் வீட்டில் எழுந்த தீ அப்பெரும் பாதையை அழித்தது. புதிரின் வரைபடமோ இன்றும் பலர் வீட்டில் உயிர்பெறுகின்றது.

மற்றவர் ஆங்கிலேயரான அலன் றைற். அவருடைய 'இங்கிள்நூக்' அமைப்பு இன்னும் எளியது. இரண்டே பொயின்றுகள், மூன்று பக்கப் பாதைகள். ஒன்றிலே ஐந்து பெட்டிகளும் ஏனைய இரண்டில் மும்மூன்று பெட்டிகளும் அடங்கும். எஞ்சின் நிற்கும் பாதை எஞ்சினோடு மூன்று பெட்டிகளை ஏற்கும். ஒரு சரக்குப் பெட்டி ஏறக்குறைய 3 அங்குலமாதலால் எல்லாம் 4 அடியளவில் முடியும். புத்தகத் தட்டொன்றின் மேலும் வைக்கலாம். எட்டுப் பெட்டிகளுக்கு எட்டுச் சீட்டுகள் எழுதிக் குலுக்கி, அவற்றுள் ஐந்தை எடுத்து, எடுத்த வரிசைப்படியே பெட்டிகளை நீண்ட பாதையில் நிறுத்துதல் வேண்டும். எட்டிலிருந்து ஐந்தை வரிசையோடு எடுக்கும் வழிகள் 8 × 7 × 6 × 5 × 4, அஃதாவது 6,720. நாளுக்கொன்றாக ஆடினும் பதினெட்டு ஆண்டு செல்லும். வரிசைமாற்றம் படிக்கும் மாணவர்க்கு இதனினும் இனிய உதாரணம் கிடைப்பது அரிது.

கட்டும் முறை பற்றிச் சில கூறல் தகும். பலகையின் அகலம் கை எட்டும் தூரத்தை மீறலாகாது. இரண்டரை அடிக்கு அப்பாற் புரண்ட வண்டியை நிமிர்த்த முயல்வோரின் சட்டைக்கை அருகிலுள்ள வீடுகளையெல்லாம் சாய்த்துவிடும். ஒட்டுப்பலகையை மரச்சட்டத்தின்மேல் அறைந்து, அதன்மேல் தக்கைத் தகடு ஒட்டித் தண்டவாளத்தைப் பதிப்பது வழக்கம். தக்கை ஓசையைத் தணிக்கும். இரு தண்டவாளங்களும் 12 உவோற்று நேரோட்டத்தின் இரு முனைகளாதலால், வண்டியைத் திருப்பக் கண்ணி போன்ற வளைவை இடுவோர் இரு முனைகளும் தொடாதவாறு இடையில் இடைவெளி விடல் வேண்டும். ஈரக்காற்றும் தூசும் படிந்த தண்டவாளத்தில் மின் தடைப்படும். துடைக்கும் துணியே இக்கலையில் மிகுதியும் பயன்படும் கருவி என்றாலும் மிகையாகாது. இவையெல்லாம் பழகப் பழக எளிதாகும். அரியது, எதனை விடுவது என்று முதலிலேயே துணிதல். பெருநிலையம், சுரங்கம், துறைமுகம், மலைப்பாதை என அனைத்தையும் ஒரே பலகையில் திணித்தவர் முடிவில் எதனையும் முடித்ததில்லை.

துணிந்து விட்டவர்க்கு எடுத்துக்காட்டு பீற்றர் டெனி என்னும் ஆங்கிலக் குருவானவர். இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் அவர் தொடங்கியது பக்கிங்காம் என்ற சிற்றூருக்குச் செல்லும் ஒரு கிளைப்பாதை. ஊர் மெய், ஆயின் அவர் விரும்பிய கிறேற் சென்றல் கம்பனியாரின் பாதை அவ்வூருக்குச் சென்றதேயில்லை. 1907 ஆம் ஆண்டைத் தமக்கு எல்லையாக வகுத்துக்கொண்டு, அதற்குப் பிற்பட்ட எதனையும் அவர் சேர்க்கவில்லை. எஞ்சின், பெட்டி, கட்டடம் யாவும் பெரும்பாலும் கையாற் செய்தவை. பணி மாறி வீடு மாறிய போதெல்லாம் பாதையும் உடன் சென்று, புதிய அறைக்கேற்ப உருமாறிற்று.

அப்பாதையில் வண்டிகள் அட்டவணைப்படியே ஓடின. நிலையத்துக்கு நிலையம் செய்தி சொல்லுவது மணியே. உண்மை இருப்புப்பாதையிற் போல, ஓரடி அழைப்பு. ஈரடி வண்டி புறப்பட்டதற்கு. ஈரடியும் இடைவிட்டு ஓரடியும் வண்டி வந்து சேர்ந்ததற்கு. இத்தொழிலுக்கு ஒருவர் போதார். உடனிருந்து வேலை செய்பவர் இல்லாத நேரத்துக்காக அவர் பணியை ஆற்றும் பொறியொன்றை டெனி தாமே சமைத்தார். அதற்கு அவர் இட்ட பெயர் 'தானியங்கும் கிறிஸ்பின்'. கிறிஸ்பின் என்பது அவருடைய மகனின் பெயர். 2009 இல் டெனி மறைந்தார். அவருடைய பக்கிங்காம் பாதையோ அழியாமற் பிறர் பேணுதலிற் சென்றது.