சுமையின் இலக்கணம்: நெடுஞ்சாலையில் விதியும் புறனடையும்

எடையே இல்லாதது போலத் தோன்றும் மயிலிறகும் அளவு மிஞ்சிப்போனால் வண்டியின் அச்சை முறித்துவிடும் என்னும் உண்மையை வள்ளுவப் பெருந்தகை 'வலியறிதல்' அதிகாரத்தில் வைத்துக் காட்டினார். உப்பு வணிகராகிய உமணர், மேடும் பள்ளமும் நிறைந்த வழியை எண்ணி, வண்டியின் அடியில் 'சேம அச்சு' ஒன்றைக் கட்டிச் சென்ற செய்தியைப் புறநானூற்றில் ஔவையார் பாடல் தருகிறது. சுமை, வண்டி, வழி ஆகிய மூன்றையும் ஒருசேர எண்ணிப் பார்த்த பின்னரே பயணம் தொடங்க வேண்டும் என்னும் தெளிவு நம் முன்னோர்க்கு இருந்தமை இவற்றால் விளங்கும். இன்றைய நெடுஞ்சாலைச் சட்டங்கள் கூறுவதும் அடிப்படையில் இதுவே.

இப்பொருளை நாரணாபுரத்தில் இருந்துகொண்டு பேசுவதற்குக் காரணம் உண்டு. சிவகாசியைச் சூழ்ந்த இவ்வட்டாரம் பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆகிய மூன்று தொழில்களால் வாழ்வது. இவற்றுள் பட்டாசும் தீப்பெட்டியும் எடை குறைந்து இடம் மிகுதியாக அடைப்பவை. ஆதலின் எடைமேடையில் ஏறும்போது குற்றமற்றதாகத் தோன்றும் லாரி, தார்ப்பாய்க்கு மேலும் பெட்டிகள் அடுக்கப்பட்டு, உயரத்தாலும் அகலத்தாலும் விதியை மீறி நிற்கக் கூடும். அச்சு இயந்திரமும் காகித உருளையும் இதற்கு நேர்மாறானவை. சிறிய இடத்தில் பெரும் எடையைத் தாங்கி வருபவை. விருதுநகர், சாத்தூர் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44இல் (முன்னர் இது 7ஆம் எண் சாலை) 50 மீட்டரையும் கடந்த காற்றாலை இறக்கைகள் ஊர்ந்து செல்வதையும் காண்கிறோம். ஆகவே சுமையின் மிகை எடையால் வருவது, அளவால் வருவது என இருவகைப்படும்.

விதி

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும், 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் இத்துறைக்கு அடிப்படை நூல்கள். விதிகளின்படி வாகனத்தின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டலாகாது. இணைப்பு வண்டியில்லாத சாதாரண லாரியின் நீளம் 12 மீட்டருக்குள் அமைய வேண்டும். உயர வரம்பு முன்னர் 3.8 மீட்டராக இருந்து, 2020இல் 4 மீட்டராக உயர்த்தப்பட்டது; கொள்கலன் ஏற்றும் வண்டிகளுக்கு மட்டும் தனி வரம்பு உண்டு. சுமை வண்டியின் பக்கங்களைக் கடந்தோ, முன்னும் பின்னும் துருத்தியோ, உயர வரம்பை மீறியோ இருத்தல் கூடாது. கம்பி, கழி போன்றவை பின்புறம் 1 மீட்டர் வரை நீண்டிருக்கலாம் என்று முன்பு ஒரு சலுகை இருந்தது. பின்னால் வருவோரின் உயிரைக் குடித்த அச்சலுகை 2014இல் நீக்கப்பட்டது.

இவ்வெண்கள் அலுவலர்கள் விருப்பப்படி எழுதியவை அல்ல. இருவழிச் சாலையின் ஓடுபாதை பொதுவாக 7 மீட்டர் அகலமுடையது. 2.6 மீட்டர் அகலமுள்ள இரு லாரிகள் எதிரெதிரே வந்தால் 5.2 மீட்டர் போக, 1.8 மீட்டர் எஞ்சும். இரண்டிலும் சுமை பக்கத்திற்கு 30 சென்டிமீட்டர் துருத்தினால் எஞ்சுவது 60 சென்டிமீட்டர் மட்டுமே. சாலையோரத்தில் மிதிவண்டியில் வரும் மாணவனுக்கும், பணி முடிந்து நடந்து வரும் தொழிலாளிப் பெண்ணுக்கும் உரிய இடத்தையே அந்த மிகைச் சுமை பறித்துக்கொள்கிறது.

எடைக்கும் இத்தகைய கணக்கு உண்டு. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நிகழ்ந்த பெரும் சாலைச் சோதனை, அச்சின் மீதுள்ள எடை கூடுங்கால் சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்காகப் பெருகுகிறது எனக் காட்டியது. அச்சுச்சுமை இருமடங்கானால் சேதம் பதினாறு மடங்காகும். நான்கு சக்கரங்களுடைய ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்த வரம்பு 2018இல் 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. வரம்பு உயர்ந்தமையால் வரம்பே இல்லை என்று எவரும் கருதிவிடலாகாது.

மீறினால்

2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மிகை எடைக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டம். சுமை பக்கவாட்டிலோ, முன் பின்னாகவோ, உயரத்திலோ வரம்பு கடந்தால் அதற்கும் 20,000 ரூபாய். இரண்டிலும் மிகையை இறக்கிய பின்னரே வண்டி நகரலாம். இறக்கும் செலவும் மீறியவரைச் சாரும். இங்கு ஒன்று ஊன்றி நோக்கத்தக்கது. ஓட்டியவர் மட்டுமன்றி, ஓட்டச் செய்தவரும் ஓட்ட இசைந்தவரும் குற்றத்திற்கு உரியவர் என்றே சட்டம் பேசுகிறது. எடை வரம்பு மீறப்பட்டால், அது உரிமையாளர் அறிந்தே அல்லது அவர் ஆணையாலேயே நிகழ்ந்தது என நீதிமன்றம் கொள்ளவும் இடமுண்டு. பழியை ஓட்டுநர் தலையில் மட்டும் சுமத்தும் வழக்கத்திற்குச் சட்டத்தில் இடமில்லை.

புறனடை

இலக்கண நூலார் விதி கூறியபின் புறனடை கூறுவர். ஈண்டும் அவ்வாறே. மின்மாற்றி, காற்றாலை இறக்கை, ஆலைக் கொதிகலம் போன்றவற்றைத் துண்டாக்கிக் கொண்டுசெல்ல இயலாது. இத்தகைய பிரிக்கவியலாத சுமைகளுக்கு முன்னிசைவு பெற்றுச் செல்ல வழி உண்டு. தேசிய நெடுஞ்சாலைகளில் இவ்விசைவை மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகம் வழங்குகிறது. பல அச்சுகளில் எடையைப் பகிர்ந்தளிக்கும் நீரழுத்த இழுவை வண்டிகள் இதற்கெனப் பயன்படுகின்றன. பாலத்தின் மேல் வேறு வண்டி இருத்தலாகாது. நடுக்கோட்டை ஒட்டி மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல வேண்டும். பாலத்தின்மீது தடை அழுத்துதலும் வேகம் கூட்டுதலும் கூடா. இவ்வாறு செல்லும் 385 டன் தனிவகை வண்டியைக் கருதியே இந்திய சாலைப் பேரவையின் பால வடிவமைப்பு நெறியும் கணக்கிடுகிறது.

ஆனால் பட்டாசுப் பெட்டி பிரிக்கக்கூடிய சுமை. ஒரு லாரியில் அடங்காதது இரண்டில் அடங்கும். ஆகவே இப்புறனடை நம் வட்டாரச் சரக்குக்குப் பொருந்தாது.

புறனடையின் அருமையை அண்மை நிகழ்ச்சி ஒன்று உணர்த்தும். திருவண்ணாமலை மாவட்டம் வந்தவாசியை அடுத்த கொரக்கோட்டையில் வெட்டப்பட்ட பெருமாள் சிலைக்கான ஒற்றைக் கல் 2018 டிசம்பரில் 240 சக்கர வண்டியில் பெங்களூருக்குப் புறப்பட்டது. எடை ஏறத்தாழ 350 டன் என நாளிதழ்கள் எழுதின. வழியில் சக்கரங்கள் வெடித்தன. செஞ்சியின் குறுகிய வீதியில் கட்டடங்களின் முகப்புகள் இடிக்கப்பட்ட பின்னரே வழி கிடைத்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பாலங்களின் மேல் ஏறாது, ஆற்றுக்குள் தற்காலிக மண்சாலை அமைத்துக் கடக்க நேர்ந்தது. ஈஜிபுரத்தை அடைந்தது 2019 ஜூனில். சாதாரண லாரி ஓரிரவில் கடக்கும் வழிக்கு ஆறு மாதம் ஆயிற்று.

தலைக்கு மேலுள்ள ஆபத்து

உயரத்தைக் கருதாமையின் விளைவு கொடியது. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் தேர் உயர் மின்னழுத்தக் கம்பியில் உரசி 11 உயிர்கள் மாண்டன. தேராயினும் சந்தனக்கூடாயினும் லாரியாயினும் மின்கம்பி வேறுபாடு பார்ப்பதில்லை. சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே மீண்டும் மீண்டும் தார் போடும்போது, கம்பி தாழாமலே இடைவெளி குறைந்துவிடுகிறது. மின்மயமான இருப்புப் பாதைகளின் கடவுகளில் 4.67 மீட்டர் உயரத்தில் குறுக்குச் சட்டம் நிறுத்தப்பட்டிருப்பது இதனாலேயே. பிற சரக்கில் ஒரு தீப்பொறி விழுந்தால் சரக்கு அழியும். பட்டாசில் விழுந்தால் தெருவே அழியும். 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளும் பட்டாசுப் போக்குவரத்தைத் தனியே கட்டுப்படுத்துவதன் நோக்கம் இதுவே.

பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாகவே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். முள்ளையும் கல்லையும் அகற்றுவது அறமாயின், இடையூறே ஆகிவிட்ட ஒரு சுமையைப் பாதையில் செலுத்தாதிருப்பது அதனினும் முந்திய கடமை. நம் மாணவர்களுள் ஆலை உரிமையாளர் பிள்ளைகளும் உள்ளனர். ஓட்டுநர், சுமை ஏற்றுவோர் பிள்ளைகளும் உள்ளனர். தீபாவளிக்கு முன்னைய நெருக்கடி மாதங்களில், இன்னும் நான்கு வரிசை ஏற்றலாம் என்று ஒருவர் சொல்லும்போது, வேண்டாம், மற்றொரு வண்டி வரட்டும் என்று சொல்லும் துணிவு அவ்வீடுகளில் பிறக்க வேண்டும். கூடுதல் வாடகையை ஒரு பருவத்தில் ஈட்டிவிடலாம். போன உயிரை எப்பருவத்திலும் மீட்க இயலாது.