பதினெட்டு வயது வரை நீளவேண்டிய உதவி

செங்கல் சூளையிலிருந்தோ ஜரிகை வேலைக் கூடத்திலிருந்தோ ஒரு குழந்தையை மீட்பது ஒரே நாளில் நிகழ்ந்துவிடுகிறது. மறுவாழ்வுக்கோ பல ஆண்டுகள் ஆகின்றன. ஒன்பது வயதில் ஓர் இல்லத்துக்கு வந்து சேரும் சிறுமிக்குப் பதினெட்டு நிறைய மேலும் ஒன்பது ஆண்டுகள் வேண்டும். அத்தனை ஆண்டுகளும் அந்த இல்லம் இயங்குமா? தொண்டு நிறுவனங்களுக்கு நன்கொடை வழங்கும் நம் வாடிக்கையாளர்கள் இக்கேள்வியை எழுப்புவது இயல்பு. சில திட்டங்கள் முப்பது ஆண்டுகளைக் கடந்தும் நிற்க, வேறு சில மூன்றே ஆண்டுகளில் மறைவதன் காரணங்களைச் சற்று ஆராய்வோம்.

கட்டடத்துக்கும் கணினிக்கும் வாகனத்துக்கும் நன்கொடையாளர் எளிதில் கிடைப்பர்; அவற்றில் பெயர் பொறிக்கலாம். இரவில் குழந்தைகளுடன் தங்கும் இல்லத்தாயின் ஊதியத்துக்கோ, பெற்றோரைப் பார்த்துவர ஊர் ஊராய்ச் செல்லும் பணியாளரின் பேருந்துக் கட்டணத்துக்கோ பணம் கேட்டால் பலரும் தயங்குகின்றனர். ஊதியம் தவறினால் பணியாளர் வேறு வேலை தேடிச் செல்வர். யாரையும் நம்ப அஞ்சிய குழந்தை ஒருவரை நம்பத் தொடங்கிய நேரத்தில் அவரும் போய்விடுகிறார். மறுவாழ்வுப் பணியில் நேரும் பெரிய இழப்பு இதுவே என்று நாம் கருதுகிறோம். கணக்கேடுகளில் இது தெரிவதில்லை.

நிதி வரும் வழிகளின் இயல்பும் இதற்கு ஒரு காரணம். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின்படி, பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். ஆனால், 'தொடர் திட்டம்' எனப்படுவதன் காலவரம்பு, தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகளே. முன் சொன்ன சிறுமிக்கு அப்போது பன்னிரண்டோ பதின்மூன்றோதான் ஆகியிருக்கும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020இல் செய்யப்பட்ட திருத்தம், அந்நிதியிலிருந்து நிர்வாகச் செலவுக்கு 20 விழுக்காட்டுக்கு மேல் செலவிடுவதைத் தடுத்தது. பெற்ற தொகையை மற்றொரு நிறுவனத்துக்குப் பகிர்ந்தளிப்பதையும் தடைசெய்தது. பெருநகர நிறுவனங்களின் வழியாக உதவி பெற்றுவந்த சிற்றூர் அமைப்புகளுக்கு இதனால் ஒரு வாயில் அடைபட்டது.

நிதி குறைந்தபோதும் பயன் நிலைக்கும் வகையில் பணியை அமைத்தோரும் உண்டு. வரலாற்றறிஞர் மாமிடிப்பூடி வெங்கடரங்கய்யாவின் பெயரில் 1981இல் நிறுவப்பட்ட அறக்கட்டளை, இன்றைய தெலங்கானாவின் ரங்காரெட்டி மாவட்டத்தில் 1991 முதல் குழந்தைத் தொழிலாளர்களிடையே பணியாற்றியது. அதை வழிநடத்திய சாந்தா சின்ஹா, தமக்கெனத் தனிப் பள்ளிகளை எழுப்பும் வழியை நாடவில்லை. வேலையிலிருந்து வந்த பிள்ளைகளை இணைப்பு முகாம்களில் தங்கவைத்துச் சில மாதங்கள் பயிற்றுவித்து, வயதுக்கேற்ற வகுப்பில், அரசுப் பள்ளியிலேயே சேர்ப்பது அவர்தம் வழி. தேவைப்பட்டோர் அரசின் சமூகநல விடுதிகளில் தங்கினர். உணவு, புத்தகம், ஆசிரியர் ஊதியம் ஆகிய தொடர்செலவுகள் இவ்வாறு அரசின் பொறுப்பாயின. பிள்ளை பள்ளிக்கு வராத நாளில் வீட்டுக்குச் சென்று விசாரிக்க அவ்வூர் இளைஞர்களே பழக்கப்பட்டனர். குழந்தை உரிமைப் பாதுகாப்பு மன்றங்கள் ஊர்தோறும் அமைந்தன. அறக்கட்டளைப் பணியாளர் விடைபெற்ற பிறகும் கேட்பதற்கு ஊரில் ஆள் இருந்தது. சாந்தா சின்ஹாவுக்கு 2003இல் மகசேசே விருது வழங்கப்பட்டது.

1098 என்னும் குழந்தைகள் உதவி எண் வேறொரு பாடம். 1996இல் மும்பையில், டாட்டா சமூக அறிவியல் கல்வி நிறுவனத்தின் களப்பணியாக, ஜெரூ பில்லிமோரியாவின் முயற்சியில் அது தொடங்கியது; பின்னர் மத்திய அரசின் ஆதரவுடன் நாடெங்கும் பரவியது. அண்மை ஆண்டுகளில் மிஷன் வாத்சல்யா திட்டத்தின்கீழ் அரசே அதைப் படிப்படியாக ஏற்று, 112 அவசர எண்ணுடன் இணைத்துள்ளது. எண் நிலைத்துவிட்டது. இரவு பகலாக அழைப்புகளைக் கேட்டுப் பழகிய தொண்டர்களின் அனுபவமும் அதனுடன் கைமாற வேண்டும். ஒப்படைப்பு ஆவணத்தில் எழுத இயலாதது அது.

தில்லியில் தெருவாழ் சிறுவரிடையே பணிபுரியும் பட்டர்ஃப்ளைஸ் அமைப்பு, சிறுவரே நடத்தும் சேமிப்பு வங்கி ஒன்றைத் தொடங்கியது. வங்கிப் பணியில் இருக்கும் நமக்கு இதில் தனி ஈடுபாடு உண்டு. அன்றன்று ஈட்டியதை அன்றே இழந்துவந்த பிள்ளைக்குத் தன் பெயரில் ஒரு கணக்கேடு கிடைப்பது, நாளை என்று ஒன்று உண்டு என்பதற்கு முதல் சான்று.

பதினெட்டு நிறைந்ததும் குழந்தைகள் இல்லத்தை விட்டு வெளியேற வேண்டும். அவர்களுக்கு 21 வயது வரை பின்காப்பு உதவி வழங்க 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இடமளிக்கிறது. ஆயினும் வாடகை முன்பணம், தொழிற்பயிற்சிக் கட்டணம் எனக் கையில் பணம் தேவைப்படும் இவ்வயதில்தான் நன்கொடையாளரின் கவனம் விலகுகிறது. சிறு குழந்தையின் நிழற்படம் ஈர்க்கும் அளவுக்குப் பத்தொன்பது வயது இளைஞனின் நிழற்படம் ஈர்ப்பதில்லை போலும்.

எனவே நன்கொடை தருமுன் சிலவற்றைக் கேட்டறியலாம். வரவு நின்றால் எத்தனை மாதம் ஊதியம் வழங்கக் கையிருப்பு உள்ளது? வைப்பில் மூலநிதி உண்டா? வெளியேறிய பிள்ளைகள் இன்று எங்கே இருக்கின்றனர் என்பதற்குப் பதிவேடு உண்டா? மூன்றாவது கேள்விக்குத் தயங்காமல் விடைதரும் நிறுவனம், பெரும்பாலும் மற்ற இரண்டையும் எண்ணிப் பார்த்திருக்கும்.

ஆண்டுக்கு ஒருமுறை 12,000 ரூபாய் தருவதும் மாதந்தோறும் 1,000 ரூபாய் தருவதும் கூட்டலில் ஒன்றே; ஆனால் மாத ஊதியம் வழங்கவேண்டிய நிறுவனத்துக்குப் பின்னதே திட்டமிட உதவும். சேமிப்புக் கணக்கிலிருந்து குறித்த நாளில் தொகை தானே செல்லுமாறு ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் வழங்கலாம். 'எச்செலவுக்கும் பயன்படுத்தலாம்' என்று நிறுவனத்துக்கு ஒரு வரி எழுதிவிடுவது நலம். பழைய வரிவிதிப்பு முறையைத் தேர்ந்துள்ளோர் வரிச்சலுகை கோரலாம். 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்கு அச்சலுகை கிடையாது. கணக்கு வழியே செலுத்தி, நிதியாண்டு முடிந்தபின் நன்கொடைச் சான்றிதழைக் கேட்டுப் பெற்றுக்கொள்க.