ஆப்பிள்-1 பலகைகளை அடையாளம் காணல்

ஆப்பிள்-1 என்பது 1976ஆம் ஆண்டு சூலை மாதம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் விற்பனைக்கு வந்த கணினி ஆகும். ஸ்டீவ் வாஸ்னியாக் இதை வடிவமைத்தார். விற்கும் பொறுப்பை அவருடைய நண்பர் ஸ்டீவ் ஜாப்ஸ் ஏற்றார். ஆப்பிள் நிறுவனத்தின் முதல் கணினி இதுவே. ஏறத்தாழ 200 மட்டுமே செய்யப்பட்டன. இன்று எஞ்சியிருப்பதாக அறியப்பட்டவை நூறை எட்டவில்லை. ஆயினும் இது வீட்டில் இருந்தும் அதன் மதிப்பை அறியாதவர்கள் உண்டு. பழக்கமில்லாதவர் பார்த்தால் இது கணினியாகவே தெரியாது என்பது அதற்கு முதற்காரணம்.

தோற்றம்

பச்சை நிறச் சுற்றுப்பலகை ஒன்று, அதன்மேல் 60க்கும் மேற்பட்ட சில்லுகள். வாங்கியவருக்குக் கிடைத்தது இவ்வளவே. பெட்டி, விசைப்பலகை, மின்மாற்றிகள், திரை ஆகியவற்றை அவரே தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே ஒரு வீட்டு ஆப்பிள்-1 போல இன்னொரு வீட்டு ஆப்பிள்-1 இராது. சிலர் மரப்பெட்டி செய்து பூட்டினர். சிலர் வெறும் பலகையாகவே வைத்திருந்தனர்.

இதன் நுண்செயலி 6502 வகையைச் சேர்ந்தது. அடிப்படை நினைவகம் 4 கிலோபைட்டு. ஒருங்குறியில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு தேவைப்படுவதால், இந்தக் கட்டுரையைக்கூட அதில் முழுமையாக ஏற்ற முடியாது. நிரல்களைச் சேமிக்கக் கேசட் இணைப்பு அட்டை தனியாக 75 டாலருக்கு விற்கப்பட்டது.

அரிதான காரணம்

மவுண்டன் வியூ நகரிலிருந்த பைட் ஷாப் என்ற கடை, ஒன்று 500 டாலர் வீதம் 50 பலகைகள் கேட்டது. அதுவே நிறுவனத்தின் முதல் பெரிய வியாபாரம். சில்லறை விலை 666.66 டாலர். செய்யப்பட்டவற்றுள் ஏறத்தாழ 175 விற்றன.

1977இல் ஆப்பிள்-2 வந்தது. அது பெட்டியும் விசைப்பலகையும் கொண்ட முழுமையான கணினி. பழைய கணினியைப் பற்றி வாடிக்கையாளர் எழுப்பும் ஐயங்களுக்கு விடை சொல்லக்கூடியவராக வாஸ்னியாக் ஒருவரே இருந்தார். எனவே ஆப்பிள்-1 வைத்திருந்தோர் அதைத் திருப்பிக் கொடுத்துப் புதியதைக் குறைந்த விலையில் பெறலாம் என்று நிறுவனம் அறிவித்தது. திரும்பி வந்தவை அழிக்கப்பட்டன. பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்குவது எங்கும் உள்ள வழக்கம்தான். ஆனால் மொத்தமே 200 இருந்த ஒன்றில் அது பெரும் இழப்பாக முடிந்தது.

அறியாமல் கொடுத்தவர், கொடுக்காமல் வைத்தவர்

2015ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் மில்பிடாஸ் நகரில், கணவரை இழந்த பெண் ஒருவர் தம் வீட்டு வண்டிக் கொட்டகையைக் காலிசெய்து, பழைய மின்பொருள்கள் அடங்கிய பெட்டிகளை மறுசுழற்சி நிலையத்தில் கொடுத்தார். பெயரோ முகவரியோ தரவில்லை. பற்றுச்சீட்டும் வேண்டாம் என்று சொல்லிச் சென்றுவிட்டார். சில வாரங்களுக்குப் பிறகு பெட்டிகளைப் பிரித்த ஊழியர்கள் உள்ளே ஆப்பிள்-1 இருப்பதைக் கண்டனர். அது 2,00,000 டாலருக்கு விற்கப்பட்டது. விற்ற தொகையில் பாதியை, அதாவது 1,00,000 டாலரை, அந்தப் பெண்ணுக்குத் தர விரும்புவதாக நிலையத்தார் செய்தி ஊடகங்கள் வழியாக அறிவித்தனர். பாதியைத் தர முன்வந்த அந்த நேர்மை பாராட்டத்தக்கது.

இதற்கு மாறான நிகழ்வும் உண்டு. கலிபோர்னியாவின் சாஃபி கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் 1977இல் ஆப்பிள்-2 வாங்கும் பொருட்டுத் தம் ஆப்பிள்-1ஐ மாணவர் ஒருவருக்கு 650 டாலருக்கு விற்றார். கோவா என்னும் ஹவாய் மரத்தாலான பெட்டியுடன் இருந்த அதை மாணவர் பல்லாண்டுகள் காத்து வைத்திருந்தார். 2021இல் அது ஏலத்தில் 4,00,000 டாலருக்குப் போனது. இதனினும் உயர்ந்த விலையாக, 2014இல் நியூயார்க்கு ஏலமொன்றில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் மற்றொரு பலகைக்கு 9,05,000 டாலர் கொடுத்தது.

அடையாளங்கள்

பலகையின் மேற்புறத்தில் ‘ஆப்பிள் கம்ப்யூட்டர் 1’ என்ற பெயரும், பாலோ ஆல்டோ என்ற ஊர்ப்பெயரும், 1976 என்ற ஆண்டும் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். ஆனால் இதை மட்டும் நம்பக்கூடாது. ஆர்வலர்கள் பயிற்சிக்காகச் செய்த நகல் பலகைகள் பல உள்ளன. அசலைப் பிரித்தறியச் சில்லுகளின்மேல் உள்ள நான்கு இலக்க எண்களைப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டையும் அடுத்த இரண்டு அவ்வாண்டின் வாரத்தையும் குறிக்கும். 7625 என்றால் 1976ஆம் ஆண்டின் 25ஆம் வாரம். பெரும்பாலான சில்லுகள் அக்காலத்தவையாக இருப்பது நல்ல அறிகுறி. பருத்த நீல நிற மின்தேக்கிகளும் கவனிக்கத்தக்கவை.

சில பலகைகளின் பின்புறத்தில் 01 என்று தொடங்கும் வரிசை எண் கையால் எழுதப்பட்டிருக்கும். அது ஜாப்ஸின் கையெழுத்தே என 2022இல் கையெழுத்து ஆய்வாளர்கள் முடிவு செய்தனர். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் இந்த எண் அழிந்துபோகலாம்.

இத்தகைய பலகை கிடைத்தால் ஓடுகிறதா என்று பார்க்க உடனே மின்சாரம் கொடுக்கக்கூடாது. பழைய மின்தேக்கிகள் பழுதுபட்டிருந்தால் சில்லுகளும் கெடும். பழுதான உறுப்பை மாற்ற நேர்ந்தாலும் கழற்றிய பழையதை எறியாமல் உடன் வைக்க வேண்டும். கையேடு, கேசட்டுகள், வாங்கிய ரசீது, பழைய கடிதங்கள் ஆகியவை பலகையின் வரலாற்றை நிறுவும் சான்றுகள் என்பதால், அவை இருந்த அதே பெட்டியில் வைத்திருப்பது நல்லது.